முகங்களும் கைகளும்: 'சார்ஜன்ற் பெப்பர்' இசைத்தட்டு உறையின் ஆக்கம் பற்றி ஒரு நோக்கு

1

மேனாட்டு வெகுசனக் கலைகள் பற்றிய உரையாடல்களில் இரு வகையான நிலைப்பாடுகள் மேலோங்கி நிற்கக் காண்கிறோம். றொக் இசையையும் அதனைச் சார்ந்த காட்சிக் கலைகளையும் முதலாளித்துவச் சீரழிவின் வெளிப்பாடுகள் எனக் கூறி அப்பால் நகர்ந்துவிடுவது ஒன்று. அவற்றைத் தனிமனித மேதைமையின் அற்புதங்கள் எனப் போற்றி வியப்பது மற்றையது. முன்னையது ஆராயாமலே தீர்ப்பு வழங்குகிறது. பின்னையது ஆராய வேண்டிய தேவையையே மறுக்கிறது. மேலோட்டமாக நோக்குமிடத்து ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றும் இவையிரண்டும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றன. ஒரு கலைப்பொருள் எவரால், எவ்வாறு, எத்தகைய உறவுகளினூடாக ஆக்கப்பட்டது என்ற வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை.

அவ்வினாவை ஒரு குறிப்பிட்ட பொருளை முன்வைத்து எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1967ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இங்கிலாந்தில் வெளிவந்த பீற்றில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ற் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்' என்னும் இசைத்தட்டின் உறையே அப்பொருள். இதன் இசை பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. உறை பற்றியும் எழுதப்பட்டுள்ளதெனினும், அவ்வெழுத்துக்களிற் பெரும்பாலானவை அதில் இடம்பெற்ற முகங்களை அடையாளங் காணும் விளையாட்டாகவே முடிந்துவிடுகின்றன. முகங்களை எண்ணியவர்கள் அவற்றை வெட்டி ஒட்டி நிறந்தீட்டி நிறுத்திய கைகளை எண்ணவில்லை. இக்குறைபாடு தற்செயலானதன்று என்பதும், உறையின் அமைப்பிலும் அது உருவான சூழலிலும் வேரூன்றியது என்பதும் நமது கருத்தாகும்.

2

இசைத்தட்டு உறை ஒரு கலை வடிவமாக உருப்பெற்ற வரலாறு நீண்டதன்று. தொடக்கத்தில் இசைத்தட்டுகள் சாதாரணத் தாளுறைகளிலோ, வெளிப்புறத்தில் ஓவியம் எதுவுமற்ற கனத்த அட்டைத் தொகுப்புகளிலோ விற்கப்பட்டன. கொலம்பியா நிறுவனத்திற் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்ரைன்வைஸ் என்ற இளம் வடிவமைப்பாளர் 1940இல் முதன்முதலாக ஓவியந் தீட்டிய உறையை அறிமுகஞ் செய்தார். விற்பனை உயர்ந்தது, ஏனைய நிறுவனங்களும் பின்பற்றின. 1948இல் நீண்ட நேர இசைத்தட்டு அறிமுகமானபோது, ஏறத்தாழ 12 அங்குலச் சதுரமான அட்டை வடிவமைப்பாளர்களின் நிலையான களமாயிற்று.

ஆகவே, உறை பிறக்கும்போதே இரட்டைத் தன்மை கொண்டதாகப் பிறந்தது. அது ஓவியம், அதேவேளை பொதி. கண்ணுக்கு விருந்தாகும் அதே கணத்திற் கடையில் நிற்பவரின் பணப்பையையும் அது நோக்கி நிற்கிறது. 1960களின் தொடக்கத்தில் வெகுசன இசையைப் பொறுத்தவரை பொதி என்ற பண்பே ஓங்கியிருந்தது. பாடகரின் புன்னகை பூத்த ஒளிப்படமும் பெரிய எழுத்திற் பெயரும் இருந்தாற் போதுமெனக் கருதப்பட்டது. ஓர் உறைக்கு 50 பவுண் அளவில் செலவிடுவதே வழமையாயிருந்தது எனக் கூறப்படுகிறது. 'சார்ஜன்ற் பெப்பர்' உறைக்கான செலவோ 3,000 பவுணை அண்மித்தது. இவ்வளவு பெருந்தொகை எதற்காகச் செலவிடப்பட்டது?

1966 ஆகஸ்டுடன் பீற்றில்ஸ் மேடைக் கச்சேரிகளைக் கைவிட்டனர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒலிப்பதிவுக் கூடத்தினுள்ளே மாதக்கணக்கில் உழைத்து, மேடையில் மீட்டுக்காட்ட இயலாத ஒலிகளை அவர்கள் உருவாக்கினர். இரசிகனும் கலைஞனும் நேருக்கு நேர் சந்தித்த களம் இல்லாதுபோயிற்று. அவ்வெற்றிடத்தை உறை நிரப்ப வேண்டியிருந்தது. பூங்காவொன்றிற் கச்சேரியை முடித்துவிட்டு மக்கள் கூட்டத்தின் நடுவே ஒரு கற்பனை வாத்தியக் குழு நிற்கும் காட்சியாக இவ்வுறை அமைந்தமைக்கு இதுவே அடிப்படை. இழந்த மேடை அட்டையில் மீளக் கட்டப்பட்டது எனலாம்.

3

காட்சியின் மூலக் கரு போல் மக்காட்னியுடையது. பழைய பாணி இராணுவ வாத்தியக் குழுவொன்று நகரபிதாவின் வரவேற்பைப் பெறுவதாக அவர் சில கோட்டோவியங்களை வரைந்திருந்தார். 'த பூல்' என்ற டச்சு ஓவியக் குழுவினர் வேறோர் ஓவியத்தை ஏற்கெனவே தயாரித்திருந்தனர். இலண்டனில் ஓவியக்கூடம் நடத்திவந்த றொபேட் பிரேசர் அதனை ஏற்க வேண்டாமெனப் பீற்றில்ஸை இணங்கச் செய்து, தமது கூடத்துடன் தொடர்புடைய பீற்றர் பிளேக், ஜான் ஹாவர்த் என்னும் ஓவியத் தம்பதியரை அறிமுகப்படுத்தினார். டச்சுக் குழுவினரின் கைவண்ணம் இசைத்தட்டை நேரடியாகத் தாங்கும் உட்தாளுறையில் மட்டும் எஞ்சியது.

பிளேக், பிரித்தானியப் 'பொப்' ஓவிய இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். பழைய அஞ்சலட்டை, சஞ்சிகைப் படம், மல்யுத்த வீரரின் விளம்பரம் முதலிய எளிய மக்களின் காட்சியுலகிலிருந்து தமது ஓவியங்களுக்குப் பொருள் தேடியவர். பொப் பாடல் மக்களைச் சென்றடைவதுபோல ஓவியமும் சென்றடைய வேண்டுமென விரும்பியவர். ஹாவர்த் அமெரிக்கர், துணியாலும் பஞ்சாலும் ஆளுயர உருவங்களைச் சமைத்த சிற்பி. அவரது தந்தையார் ஹொலிவூட்டிற் பெயர் பெற்ற கலை இயக்குநர். திரைப்படக் களங்கள் அமைக்கப்படும் முறையை ஹாவர்த் சிறுவயதிலிருந்தே கண்டறிந்திருந்தார்.

இப்பின்னணியை அறிந்த பின்னர் உறையை நோக்கினால் இருவரது பங்கும் தெளிவாகும். கத்தரித்தொட்டும் சித்திர முறை பிளேக்கின் படைப்புலகைச் சார்ந்தது. ஆயின், இவ்வுறை தாளில் ஒட்டிய சித்திரமன்று. கட்டி நிறுத்திய களத்தின் ஒளிப்படம். ஆளுயரத்துக்குப் பெருப்பித்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பலகையில் ஒட்டி வெட்டப்பட்டு, கையால் நிறந்தீட்டப்பட்டு, வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டன. முன்னே மெழுகுருவங்களும் துணியுருவங்களும் உயிருள்ள நால்வரும் நிற்க, பின்னே செல்லச்செல்லத் திண்மை குறைந்து தட்டையான படங்களாகக் காட்சி மாறுகிறது. கண் எவ்விடத்தில் திண்மை முடிந்து தட்டை தொடங்குகிறதென அறியாது மயங்குகிறது. இது களவமைப்பாளரின் உத்தி. படங்களுக்கு நிறந்தீட்டியது தாமே என்பதையும், குழுவின் பெயரை எழுத்தாக வரையாமற் பூக்களால் அமைக்கும் யோசனை இலண்டன் ஹமர்ஸ்மித்தில் இருந்த மாநகரப் பூ மணிக்கூட்டைக் கண்டு தமக்குத் தோன்றியது என்பதையும் ஹாவர்த் பின்னாளிற் கொடுத்த செவ்விகளிற் கூறியுள்ளார். முன்வரிசையிலுள்ள துணியுருவங்களும் அவரது கைவேலையே.

இவர்களோடு கைகள் முடிந்துவிடவில்லை. நடுவேயுள்ள பெரிய முரசின் தோலிற் பெயரைத் தீட்டியவர் ஜோ எப்கிறேவ் என்னும், களியாட்டச் சந்தைகளுக்கு வண்ணப் பலகை எழுதும் கலைஞர். வாழும் பிரமுகர்களிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதும் பணி வெண்டி ஹான்சன் என்ற பெண்மணியின் தலையில் விழுந்தது. பூச்செடிகளைக் கொண்டுவந்து அடுக்கியவர்களுள் ஓர் இளைஞன், மஞ்சட் பூக்களால் ஒரு கிற்றார் வடிவம் அமைக்கலாமா எனக் கேட்டானாம். அவனை அவ்வாறே செய்ய விட்டதாகப் பிளேக் நினைவு கூர்ந்துள்ளார். ஏறத்தாழ இரு வார உழைப்பின் பின், 1967 மார்ச் 30ஆந் திகதி செல்சியிலுள்ள தமது கூடத்தில் மைக்கல் கூப்பர் படம் பிடித்தார். கருத்து, களவமைப்பு, சிற்பம், எழுத்தோவியம், தோட்டவேலை, அலுவலக வேலை, ஒளிப்படம் ஆகிய அனைத்தும் கூடிய கூட்டாக்கம் இது என்பதில் ஐயமில்லை.

4

இனி, அட்டையிற் கூடியுள்ள கூட்டத்தை நோக்குவோம். ஏறத்தாழ 60 உருவங்கள். எட்கார் அலன் போ, ஒஸ்கார் வைல்ட், பேர்னாட் ஷோ, யுங், பொப் டிலன், மரிலின் மன்றோ, லோறல், ஹார்டி எனப் பல துறையினர் தோளோடு தோள் உரசி நிற்கின்றனர். ஒலிவர் ஹார்டிக்கும் எச். ஜி. வெல்சுக்கும் நடுவே கார்ல் மார்க்சும் நிற்கிறார். உயர்கலை, தாழ்கலை என்ற பேதமின்றி எல்லோரையும் ஒரே தளத்தில் நிறுத்தியமையால் இவ்வுறை ஒரு சனநாயகக் காட்சி எனப் பலர் பாராட்டியுள்ளனர். அப்பாராட்டில் உண்மை உண்டு. பல்கலைக்கழகமும் திரையரங்கும் சமமாக மதிக்கப்படும் ஒரு காட்சி 1967இற் புதுமையானதே.

ஆனால், இச்சனநாயகத்தின் வாக்காளர் பட்டியலைத் தயாரித்தவர்கள் யாவர்? பீற்றில்ஸ் தாம் விரும்பியவர்களின் பெயர்களைக் கொடுத்தனர். ஜோர்ஜ் ஹரிசன் ஸ்ரீ யுக்தேஸ்வர், மகாவதார பாபாஜி, லாகிரி மகாசயர், பரமஹம்ச யோகானந்தர் என்னும் இந்தியக் குருமார் நால்வரைத் தெரிந்தார். றிங்கோ ஸ்ரார் எவரையும் முன்மொழியவில்லை. பிளேக், ஹாவர்த், பிரேசர் ஆகியோரும் தத்தம் தெரிவுகளைச் சேர்த்தனர். லெனன் முன்மொழிந்த யேசுவும் இட்லரும் உறையில் இடம்பெறவில்லை. நடிகர் லியோ கோர்சி 400 டொலர் கேட்டதால் நீக்கப்பட்டார். தனித்தோர் சங்கமொன்றில் தமக்கென்ன வேலை என முதலில் மறுத்த மே வெஸ்ற், பீற்றில்ஸ் எழுதிய கடிதத்தின் பின் இணங்கினார்.

இவற்றுள் நமது கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது காந்தியின் நீக்கமாகும். அவரது உருவம் தயாரிக்கப்பட்டுக் களத்திலும் வைக்கப்பட்டிருந்தது. ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் தலைவரான சேர் ஜோசப் லொக்வூட், இந்தியாவில் அது அவமதிப்பாகக் கருதப்பட்டு அங்கு இசைத்தட்டின் விற்பனையைப் பாதிக்குமென எடுத்துக்கூற, காந்தி அகற்றப்பட்டார். பேரரசு ஒருகாலத்தில் சிறையிலடைத்த தலைவரை இப்போது வெளியேற்றியது அரசு அன்று, சந்தை. அதுவும் வெறுப்பினாலன்று, வாடிக்கையாளர் மீது கொண்ட அக்கறையினால். அதே வேளையில் லிவிங்ஸ்ரனும் அரேபியாவின் லோறன்சும் எவ்வித இடையூறுமின்றி நிற்கின்றனர். செல்வத்துக்கு அதிதேவதையான இலக்குமியின் சிறு உருவமொன்று முன்புறப் பூக்களிடையே வீற்றிருக்கிறது. எவரும் திட்டமிட்டு எழுதிய அங்கதம் அன்று இது. ஆயினும் காட்சியின் உண்மையான தொகுப்பாசிரியர் யார் என்பதை இதனினுஞ் சிறப்பாகக் கூறிவிட முடியாது.

கூட்டத்திலுள்ள பெண்களின் நிலையும் கருதற்பாலது. பெயர் சுட்டத்தக்க பெண்கள் மே வெஸ்ற், மரிலின் மன்றோ, மார்லின் டீட்றிச், டயானா டோர்ஸ், குழந்தை நட்சத்திரமான சேர்லி ரெம்பிள் ஆகியோரே. ஐவரும் திரையுலகினர். ஏனையவை சஞ்சிகைக் கவர்ச்சிச் சித்திரங்களும் சிகையலங்கார நிலைய மெழுகுப் பொம்மைகளும் துணிப் பாவைகளுமாகும். எழுத்தாளராகவோ சிந்தனையாளராகவோ விஞ்ஞானியாகவோ ஒரு பெண்தானும் இல்லை. ஆண்கள் தம் பணியால் இடம்பெற, பெண்கள் தம் தோற்றத்தால் இடம்பெற்றனர். இக்களத்தை அமைத்த இருவருள் ஒருவர் பெண் என்பதை நினைக்கும்போது இம்முரண் மேலுங் கூர்மையடைகிறது. ஹாவர்த்தே பின்னாளில் இக்குறையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டுள்ளார்.

5

முகங்களின் அரசியல் இவ்வாறாக, பெயர்களின் அரசியல் இன்னும் நுட்பமானது. உறையிலேயே களவமைப்பாளர்களாகப் பிளேக், ஹாவர்த் ஆகிய இருவரது பெயர்களும் அச்சிடப்பட்டுள்ளன. 1968இல் சிறந்த உறைக்கான கிறமி விருதும் இருவருக்குமே வழங்கப்பட்டது. அவ்வாறிருந்தும், தொடர்ந்து வந்த பல தசாப்தங்களில் வெளிவந்த நூல்களும் பத்திரிகைகளும் இதனைப் 'பீற்றர் பிளேக்கின் உறை' என்றே எழுதிவந்தன. ஆவணம் மறைக்கப்படவில்லை, அது ஒவ்வொரு வீட்டிலும் அலுமாரியில் இருந்தது. படிக்கும் கண்தான் ஒரு பெயரோடு நின்றுவிட்டது. கூட்டாக்கத்தைத் தனிமேதையின் படைப்பாக மாற்றியது நிறுவனம் மாத்திரமன்று, விமரிசனமுந்தான் என்ற கசப்பான உண்மையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்றோர் எடுத்துக்காட்டையும் நோக்கலாம். இவ்விசைத்தட்டில் இடம்பெறும் ஹரிசனின் 'விதின் யூ விதவுட் யூ' என்னும் பாடல் முழுக்க முழுக்க இந்திய இசைக்கருவிகளைத் தளமாகக் கொண்டது. இலண்டனில் இயங்கிய ஆசிய இசை வட்டத்துடன் தொடர்புடைய இந்தியக் கலைஞர்கள் அதில் வாசித்தனர். அவர்களது பெயர்கள் உறையில் இல்லை. அரை நூற்றாண்டின் பின், 2017இலேயே அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜார், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி என்னும் பெயர்கள் பரவலாக அறியப்பட்டன. இத்தகைய புறக்கணிப்பு இந்தியருக்கு மாத்திரம் நேர்ந்ததன்று; இறுதிப் பாடலில் வாசித்த 40 பேர் கொண்ட வாத்தியக் குழுவினரும் பெயரற்றவர்களே. கூலிக்கு வாசிப்போரின் பெயரை இடுவது அக்கால வழக்கமாயிருக்கவில்லை. எனினும், இந்தியக் குருமார் நால்வரின் முகங்கள் முன்புறத்தை அலங்கரிக்க, தில்ரூபாவையும் தம்புராவையும் தபேலாவையும் மீட்டிய இந்தியரின் பெயர்கள் பின்புறத்தில் இல்லாதிருப்பது சிந்தனைக்குரியது. கீழைத்தேயம் ஞானமாக வரவேற்கப்பட்டது, உழைப்பாக வரவேற்கப்படவில்லை.

ஊதியத்துக்கு வருவோம். வடிவமைப்புக்குக் கிடைத்தது 200 பவுண் எனப் பிளேக் பலமுறை கூறியுள்ளார். விற்பனைக்கேற்ற பங்கு எதுவும் இருக்கவில்லை. இவ்விசைத்தட்டு உலகெங்கும் 3 கோடிக்கு மேல் விற்பனையானதாக மதிப்பிடப்படுகிறது. எப்கிறேவ் தீட்டிய முரசுத் தோல் 2008ஆம் ஆண்டு இலண்டன் ஏலமொன்றில் 5,41,250 பவுணுக்கு விலைபோயிற்று. உழைப்பு ஒருமுறை விலை பேசப்பட்டு முடிந்துவிட, உழைப்பின் விளைவு மாத்திரம் தன் பெறுமதியைத் தானே பெருக்கிக்கொண்டு செல்வதுபோலத் தோன்றுகிறது. மனிதருக்கிடையிலான உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்கொள்ளும் இந்நிலையை விளக்கியவர், இரண்டாம் வரிசையில் அமைதியாக நின்றுகொண்டிருக்கிறார்.

6

இவ்வுறையைப் பெற்றுக்கொண்டவர்கள் அதனை எவ்வாறு வாசித்தனர் என்பதும் நமது வினாவோடு தொடர்புடையது. 1969இல் மக்காட்னி இறந்துவிட்டார், அவரிடத்தில் வேறொருவர் நடிக்கிறார் என்ற வதந்தி அமெரிக்காவிற் பரவியபோது, ஆயிரக்கணக்கான இளைஞர் இவ்வட்டையில் தடயம் தேடினர். மஞ்சட் பூக் கிற்றாரில் மறைபொருள் கண்டனர். எப்கிறேவ் என்ற பெயரே கல்லறையைக் குறிக்கும் புனைபெயர் என்றுங் கூறினர். இதனை வெறும் பேதைமை எனத் தள்ளிவிட முடியாது. கூர்ந்து வாசிக்கும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. ஆனால், பொருளின் பின்னே உழைப்பு இருக்கும் என எண்ணுவதற்கு அவர்கள் பழக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே அவ்விடத்தில் மர்மத்தை வைத்தனர். பூ அடுக்கிய இளைஞனின் விளையாட்டு மரண அறிவித்தலாயிற்று; உயிருள்ள ஓவியத் தொழிலாளி ஒரு சங்கேதச் சொல்லானார்.

கலைஞர்களிடமிருந்து வந்த எதிர்வினைகள் வேறுவகையின. 1968இல் அமெரிக்கரான பிராங்க் சப்பா, பூக்களுக்குப் பதிலாகக் காய்கறிகளைப் பரப்பி இவ்வுறையை அப்படியே எள்ளி நகையாடினார். தாம் பணத்துக்காகவே இதில் ஈடுபட்டுள்ளதாகக் கூறும் தலைப்பையும் தமது இசைத்தட்டுக்குச் சூட்டினார். சட்டச் சிக்கலுக்கு அஞ்சிய நிறுவனம் அப்படத்தை உட்புறத்துக்குத் தள்ளியது. அதே ஆண்டின் நவம்பரிற் பீற்றில்ஸின் அடுத்த பெருந் தொகுப்புக்கு உறை அமைத்த றிச்சட் ஹமில்ரன், முகங்கள் அனைத்தையும் துடைத்துவிட்டு வெறும் வெள்ளை அட்டையைத் தந்தார். ஒவ்வொரு பிரதியிலும் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டது. இலட்சக்கணக்கில் அச்சாகும் பொருளுக்கு அரிய ஓவியப் பிரதிபோல் எண்ணிடுவது நுண்ணிய கேலியாகும். சப்பா சந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஹமில்ரன் பண்டத்தின் நிர்வாணத்தைக் காட்டினார். ஆயின், இருவரும் காட்டியது பண்டத்தையே, ஆக்கியவரையன்று.

அப்பணி ஹாவர்த்துக்கே எஞ்சியிருந்தது. 2004இல் அமெரிக்காவின் சோல்ற் லேக் நகரில் அவர் தொடங்கிய பெருஞ் சுவரோவியத்தில் பழைய கூட்டத்தைக் கலைத்துப் பெண்களையும் வேற்றினத்தவரையும் அதிகமாகச் சேர்த்துப் புதிய கூட்டமொன்றை நிறுத்தினார். பின்னர் தம் மகள் லிபேட்டி பிளேக்குடன் இணைந்து முற்றிலும் பெண்களையே கொண்ட சுவரோவியத் தொடரை ஆக்கினார். 130 பெண்களின் உருவங்களைக் கொண்ட அத்தகைய படைப்பொன்று 2023இல் இலண்டன் தேசிய உருவப்பட ஓவியக்கூடத்தில் இடம்பெற்றது. இத்தொடரின் உருவங்களை ஆக்குவதிற் பலரும் பங்குகொண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. தாம் முன்னர் அமைத்த களத்துக்குத் தாமே எழுதிய விமரிசனம் இது எனலாம்.

7

மேற்கூறியவற்றால் 'சார்ஜன்ற் பெப்பர்' உறையின் கலைப்பெறுமானம் குறைந்துவிடுமா என்று வினவலாம். குறையாது என்பதே நமது விடை. பாடல் வரிகள் முழுவதையும் பின்னட்டையில் அச்சிட்டு இரசிகனின் கையிற் கொடுத்தமையும், வெட்டியெடுத்து அணிந்துகொள்ளத்தக்க மீசையையும் பதக்கங்களையும் உள்ளே வைத்தமையும், ஓவியக்கூடத்தின் வாசலை மிதித்திராத இல்லங்களுக்குத் தற்கால ஓவியத்தைக் கொண்டுசென்றமையும் உண்மையான சாதனைகளே. மறுபிரதியாக்கம் கலையின் தனித்தன்மை சார்ந்த ஒளிவட்டத்தைக் கலைத்து அதனை மக்களிடம் சேர்க்கும் என 1930களில் வோல்ற்றர் பெஞ்சமின் எதிர்பார்த்தார். அந்த எதிர்பார்ப்பு இவ்வட்டையில் ஓரளவு நிறைவேறியது. ஆனால் ஓவியத்தை நீங்கிய ஒளிவட்டம் ஓவியரின் தலைக்குப் பின்னே போய் அமர்ந்துகொண்டது. அதுவும் இருவருள் ஒருவரின் தலைக்குப் பின்னே.

ஆகவே, வெகுசனக் கலையைச் சீரழிவென ஒதுக்குவோர் அதனுள் உறைந்துள்ள உழைப்பையுஞ் சேர்த்தே ஒதுக்குகின்றனர். மேதைமையெனப் போற்றுவோர் அவ்வுழைப்பை ஒருவருக்கே உரித்தாக்குகின்றனர். முற்போக்கு விமரிசனம் இவ்விரண்டிலிருந்தும் விலகி, பொருளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். முன்புறத்தில் எவர் நிற்கிறார் என்பதோடு, பின்புறத்தில் எவர் பெயர் உள்ளது, எவர் பெயர் இல்லை, எவருக்கு என்ன கொடுக்கப்பட்டது, எவரை நீக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பனவும் கலைபற்றிய வினாக்களே. பிளேக் 2002இற் சேர் பட்டம் பெற்றார்; அதற்கு அவர் தகுதியற்றவர் என நாம் கூறவரவில்லை. மஞ்சட் பூக்களால் கிற்றார் அமைத்த இளைஞனுக்கும் அவ்வட்டையில் ஒரு பங்குண்டு என்பதையே கூறவருகிறோம். அப்பங்கை எழுதிவைக்கும் கடமை இசைத்தட்டு நிறுவனங்களுடையதன்று, விமரிசகர்களாகிய நம்முடையது.